சொல்லாமல் விட்ட நிறுத்தம்

ஸ்பிரிட் ஊற்றும்போது கார்குழலி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பஸ் நிறுத்தங்களைச் சொல்லி எண்ணுவாள்.

ராயபுரத்தில், துறைமுகத்தின் நீண்ட மதிலைப் பார்த்தபடி ஒரு தர்ம ஆஸ்பத்திரி நிற்கிறது. அதன் முதல் மாடிக் கோடியில் கிருமி ஆய்வுக்கூடம். இருபத்திரண்டு வருடங்களாக அவள் அங்கே டெக்னீஷியன். "இன்னா வேல?" என்று யாராவது கேட்டால், "கிருமியோட செவுரு எப்டி கீதுன்னு பாத்துச் சொல்றது" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது உண்மை.

நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, தீயில் காட்டி உலர்த்தி, அதன்மேல் வயலட் சாயம் ஊற்ற வேண்டும். பிறகு அயோடின். அதற்கப்புறம் ஸ்பிரிட். தடித்த சுவர் உள்ள கிருமி ஸ்பிரிட் பட்டாலும் சாயத்தை விடாது. மெல்லிய சுவர் உள்ளது விட்டுவிடும். கடைசியில் ஊற்றும் சிவப்புச் சாயத்தை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். வயலட்டா, பிங்க்கா? அந்த ஒரு சொல்லுக்காக மேலே வார்டில் டாக்டர்கள் காத்திருப்பார்கள். எந்த மருந்து என்பதில் பாதி அந்தச் சொல்லிலேயே முடிவாகிவிடும்.

எல்லாம் ஸ்பிரிட் நிற்கும் நேரத்தில் இருக்கிறது. அதிகம் நின்றால் தடித்த சுவர்க்காரனும் சாயத்தை இழந்துவிடுவான். சீக்கிரம் கழுவிவிட்டாலோ, மெல்லிய சுவர்க்காரன் வயலட் சட்டையைக் கழற்றாமல் நின்று ஏமாற்றுவான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆய்வுக்கூடக் கடிகாரம் நின்றுபோனது. அன்று அவள் வாயில் வந்தது, தினமும் காலையில் பஸ் ஜன்னலில் பார்த்து மனப்பாடமான வழி.

எம்.கே.பி. நகர், அம்பேத்கர் காலேஜ், கணேசபுரம், பேசின் பிரிட்ஜ், மூலக்கொத்தளம், மின்ட், கல்மண்டபம், ராயபுரம்.

நிதானமாகச் சொன்னால் பதினைந்து விநாடி. ராயபுரம் வந்ததும் தண்ணீர். கடிகாரம் பிறகு மூன்று முறை மாறியது. அவள் கணக்கு மாறவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் ஒருமுறையும் தப்பியதில்லை.

ஒருமுறை தப்பியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கார்குழலியின் கணவன் வேலப்பன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லரின் டிரைவர். எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. வேலை முடிந்து வந்தால் கீழே பைக்கை நிறுத்தி ஹாரனை இரண்டு தரம் அடிப்பான். பீப், பீப். 'வந்துட்டேன்' என்று அர்த்தம். அதைக் கேட்டபின்தான் குழலி தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாள்.

ஒரே மகள் ரமாபாய். அம்பேத்கர் காலேஜில் இரண்டாம் வருடம். அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டால் வீட்டில் குழலியின் பாடு பெரும்பாடு.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுடச்சுட வஞ்சிர மீன் குழம்பு. வேலப்பன் முள்ளைச் சப்பிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஏமே குழலி, டெய்லியும் செவுரு செவுருன்றியே, நீ இன்னா கொத்தனாரா?"

"நைனா, அம்மா கொத்தனாரு இல்ல, மேஸ்திரி" என்றாள் ரமாபாய்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள் குழலி. "யோவ், நீ லாரி ஓட்றியே, உனக்கு உன் பாஷயிலயே சொல்றேன், கேளு. எண்ணூர் ரோட்டாண்ட அலை வராம கருங்கல்லு கொட்டி வெச்சிகீறாங்களே, கண்டியா?"

"தெனம் அத்த பாத்துகினுதான போறேன்."

"வயலட் கிருமியோட செவுரு அந்த மாரி. ஒரே செவுரு, மொத்தமா கீது. ஆனா வேலி கெடையாது. மருந்து நேரா போயி செவுரு கட்ற கொத்தனாரு கைய புடிச்சிக்கும். கட்டாத செவுரு இன்னா ஆவும்? பொளந்துக்கும். கிருமி காலி."

"சோக்கா கீதே. அப்ப பிங்க்கு?"

"பிங்க்குதான் கில்லாடி. செவுரு மெல்லிசு. ஆனா அதுக்கு வெளிய இன்னொரு வேலி போட்டு வெச்சிகீது. வேலியில சின்னச் சின்ன கேட்டு. மருந்து அந்த கேட்டு வழியாத்தான் உள்ள போவணும்."

வேலப்பன் விரலை நக்குவதை நிறுத்தினான். "கேட் பாஸ் வேணுமா?"

"ஆமாய்யா. பொல்லாத கிருமி கேட்ட மூடிடும். தப்பிச்சி உள்ள வந்த மருந்த உடைச்சிப் போடும். அதுலயும் தப்பிச்சத பம்பு வெச்சி வெளிய தள்ளிடும். ஆஸ்பத்திரியிலயே சுத்திகினு, எல்லா மருந்தயும் பாத்துப் பாத்து பழகுன கிருமி அப்டித்தான் ஆவுது. நாங்க வெச்ச மருந்துலயே அது பாடம் படிக்குது."

"த்தூ, பேமானி. போர்ட்டு செக்யூரிட்டியே தேவலாம்போல கீதே! ஒரு டீ வாங்கிக் குடுத்தா வுட்டுட்றான்."

ரமாபாய்க்குப் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்டிக்கொண்டே வேலப்பன் கேட்டான்: "அது சரி, நீ எண்ணிகினு போற லிஸ்ட்டுல சுடுகாடு கீதே, மூலக்கொத்தளம். தெனம் அத்தினி தபா அத்த சொல்றியே, பயமா இல்ல?"

"அத்த தாண்டிப் போனாத்தான்யா ராயபுரம் வரும். ராயபுரம் வந்தாத்தான் சோறு."

சொல்லிவிட்டு அவள் இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். பாவம், அந்த வார்த்தை திரும்பி வந்து தன் தொண்டையையே அடைக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

வைகாசி முடியும் சமயம். எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை நாலு கிலோமீட்டர். வேலப்பன் அதில் இரண்டாவது நாளாக நின்றிருந்தான். வெயிலில் என்ஜின் கொதித்துவிட்டது. ஆறவிட்டுத்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும் என்பது கிளீனராக ஏறிய நாளிலேயே அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. இடம் விட்டால் பின்னால் நிற்பவன் சுற்றிக்கொண்டு முன்னே போய்விடுவான். மறுபடி அரை நாள். ஹாரன்கள் அலறின. தோளில் கிடந்த துண்டை மூடியின்மேல் போட்டு அவன் திருகினான்.

கொதிநீர் ஆளுயரத்துக்கு எழுந்தது. கழுத்து, மார்பு, வலது கை, எல்லாம் வெந்துபோயின.

சக டிரைவர்கள் அவனை வாழை இலையில் கிடத்தி, குழலி வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். முதல் வாரம் அவன் பேசினான். "செத்துற மாட்டேன்மே, மூஞ்சிய அப்டி வெச்சிக்காத. அந்த வரிசையில என் எடம் இன்னா ஆச்சின்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று கேலிகூடச் செய்தான். எட்டாம் நாள் குளிர் ஜுரம் கண்டது. ஒன்பதாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்தது. அன்று சனிக்கிழமை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாய் செருகி, மூச்சு இயந்திரத்தில் வைத்தார்கள். பேச்சு போயிற்று.

குழலி அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல்கள் அவள் உள்ளங்கையை அழுத்தின. ஒன்று. இரண்டு.

பீப், பீப்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்று மாலை அவன் ரத்தத்தை இரண்டு பாட்டில்களில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால், அது வளர்ந்ததும் அங்கிருக்கும் இயந்திரம் கூவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அது கூவியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்குத்தான் டூட்டி. அன்றைய டூட்டி குழலிக்கு. "லீவு போடுங்கக்கா" என்று நர்ஸ் ரெஜினா சொல்லிப் பார்த்தாள். "அங்க உக்காந்து அவரு மூஞ்சியவே பாத்துகினு இருந்தா பைத்தியம் புட்ச்சிரும்மா. வேல செய்றேன்" என்று குழலி வந்துவிட்டாள்.

சொந்தக்காரரின் ரத்த மாதிரியைத் தன் கையால் செய்யக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பாட்டிலின் ஒட்டுத்தாளில் வேலப்பன், நாற்பத்தாறு, ஆண் என்று படித்ததும் அவள் சீனியர் பக்தவச்சலத்துக்குப் போன் செய்தாள். அவர் வீடு திருவொற்றியூரில்.

"சார், ஊட்டுக்காரரு பாட்டிலு கூவிட்டுது சார்."

"அய்யோ. நீ தொடாத குழலி. நான் வரேன். தம்பி பொண்ணுக்குக் காதுகுத்து, மண்டபத்துல கீறேன். ஒரு மணி நேரத்துல ஓடியாந்துட்றேன்."

அவள் ரிசீவரை வைத்த கணம் அது மறுபடி அடித்தது. தீவிர சிகிச்சை டாக்டர் மெஹ்னாஸ். இளம்பெண், அதிகம் பேச மாட்டாள்.

"குழலிக்கா, மெஷின்ல எதுவும் வந்துச்சா? பிரஷர் நிக்க மாட்டேங்குது. கிட்னி வேற சரியில்ல. வயலட்டா இருந்தா மருந்து இருக்கு, சமாளிச்சிடலாம். பிங்க்கா இருந்தா அந்தக் கடைசி மருந்தைத்தான் போடணும். கொலிஸ்டின். அது கிட்னியையும் சேத்து அடிக்கும். அதான் தெரியாம போட பயமா இருக்கு. வயலட்டா, பிங்க்கா? அது மட்டும் சொல்லுங்கக்கா. எவ்ளோ நேரமாகும்?"

ஒரு மணி நேரம் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். "பத்து நிமிஷம் டாக்டர்" என்று வந்தது.

ஊசியால் பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்தாள். தகட்டில் தடவினாள். தீயில் காட்டினாள். எல்லாம் இருபத்திரண்டு வருடப் பழக்கம். வயலட் ஊற்றினாள். கழுவினாள். அயோடின் ஊற்றினாள். கழுவினாள். தகட்டைச் சாய்த்து ஸ்பிரிட்டை ஊற்றினாள். உதடு அசைந்தது.

எம்.கே.பி. நகர். வீடு. மூன்றாவது மாடி. கீழே நிற்கும் பைக்.

அம்பேத்கர் காலேஜ். நேற்றிலிருந்து சாப்பிடாமல் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மகள்.

கணேசபுரம்.

பேசின் பிரிட்ஜ்.

அடுத்த நிறுத்தத்தின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. வந்து நின்றது. குழலிக்குக் கண் முன்னால் அந்த மயானத்தின் நீளமான சுவர் தெரிந்தது. சுவருக்கு உள்ளே புது மண் மேடு ஒன்று. பறை. மல்லிகைச் சரம். அந்தப் பெயரைச் சொன்னால் நடந்துவிடும் என்று, அறிவியல் படித்த அந்தப் பெண்ணின் வயிறு நம்பியது. சொல்ல மாட்டேன். இன்றைக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

அவள் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்தது.

சிவப்புச் சாயமும் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வயலட். இரண்டிரண்டாக, குட்டையான உருண்டைகள். அழகான, ஆழமான வயலட்! தடித்த சுவர்! வேலி இல்லாத சுவர்! அவள் கண்ணில் நீர் முட்டியதில் உருண்டைகள் நீந்தின. இன்னொரு தகடு போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எந்த நோயாளிக்காகவும் தோன்றியிருக்கும். அன்று தோன்றவில்லை.

"வயலட் டாக்டர்! ரெண்டு ரெண்டா உருண்டை!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது போன். "மருந்த ஆரம்பிக்கிறேன் அக்கா. கொலிஸ்டின் வேணாம்."

பக்தவச்சலம் காதுகுத்துப் பட்டுவேட்டியோடு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தபோது தகட்டின் எண்ணை ஏட்டில் எழுதி முடித்திருந்தாள். "நீயே பண்ணிட்டியா?" என்றார். அவள் முகத்தின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் அன்று ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருக்கலாம்.

வார்டு வாசலில் மகளிடம் குழலி ஓடினாள். "வயலட்டுடீ ரமா! உங்க நைனாவுக்கு வயலட்டு! மருந்து கீது!"

"நெசமாவாம்மா?" ரமாபாய் அம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு இருவரும் எதிர்க் கடையில் இரண்டிரண்டு இட்லி சாப்பிட்டார்கள். இரண்டு நாளில் அதுதான் முதல் சாப்பாடு. அந்த இட்லியின் ருசியை நினைத்தால் இன்றைக்கும் குழலிக்குக் குமட்டும்.

ரத்தத் துளியைக் கிருமி வளரும் தட்டுகளிலும் அவள் அன்றே தடவி, வெப்பப் பெட்டியில் வைத்திருந்தாள். தகடு பொய் சொல்லலாம், தட்டு சொல்லாது. அதற்கு மட்டும் ஒரு நாள் ஆகும். தட்டுகளில் ஒன்று சிவப்பு நிறம். அதில் வயலட் கிருமிகள் வளரவே முடியாது. வேலி போட்ட பிங்க் கிருமிகள் மட்டும்தான் அதில் பிழைக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தாள்.

சிவப்புத் தட்டு நிறைய, கடுகு கடுகாக, பளபளவென்று வளர்ந்திருந்தது.

வேறு யாருடைய தட்டோ என்று எண்ணைப் பார்த்தாள். அவனுடையதுதான். திருப்பிப் பார்த்தாள். அவனுடையதுதான். புதுத் தகடு எடுத்தாள். சாயம், அயோடின், ஸ்பிரிட். இந்த முறை சத்தமாக எண்ணினாள். மூலக்கொத்தளம் என்று சொன்னபோது குரல் உடைந்தது, ஆனாலும் சொன்னாள். மின்ட். கல்மண்டபம். ராயபுரம்.

பிங்க். முழுக்க பிங்க்.

நேற்றைய தகட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில், படலம் மெலிந்த இடத்தில், வயலட்டுக்கு நடுவே நாலைந்து இளஞ்சிவப்பு உருண்டைகள் இருக்கத்தான் இருந்தன. நேற்றும் அவை அங்கேதான் இருந்தன. அவள்தான் பார்க்கவில்லை. அசினெட்டோபாக்டர். ஆஸ்பத்திரிகளிலேயே சுற்றி வளரும் கிருமி. மற்ற பிங்க் கிருமிகளைப் போல வயலட் சாயத்தைச் சட்டென்று விடாத பிடிவாதக்காரன். அவனுக்குத்தான் முழு எட்டு நிறுத்தம் வேண்டும். அவனுக்குப் போய் நாலு நிறுத்தம் கொடுத்திருக்கிறாள்.

"அய்யோ… அய்யோ, நானே… என் கையாலயே…"

பக்தவச்சலம் உள்ளே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து நெற்றியை மேசைக் காலில் முட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தைந்து வருட அனுபவம். அதிலேயே புரிந்துகொண்டார். கதவைச் சாத்தினார்.

"குழலி, எழுந்திரு. இத பார். பழைய தகட நான் தூக்கிப் போட்டுட்றேன். இன்னிக்கு ரெண்டாவதா ஒரு கிருமி வளந்துச்சின்னு எழுதிடு. அது நடக்கறதுதான். யாரும் கேக்க மாட்டாங்க. மருந்து இப்பவே மாறிடும், உன் வேலயும் போவாது."

குழலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பிறகு அவர் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நேத்து இந்தத் தகடு மேல வேற பேரு இருந்தா இன்னா சார் பண்ணியிருப்பேன்? ரெண்டு தபா பாத்திருப்பேன். எவ புருஷனுக்கோ ஒயுங்கா பாத்திருப்பேன் சார். என் புருஷனுக்கு பாக்கல."

இரண்டு மாடி ஏறி ஓடினாள். மெஹ்னாஸ் கட்டிலருகே நின்றிருந்தாள். குழலி தகட்டை நீட்டினாள்.

"பிங்க்கு டாக்டர். நேத்தே பிங்க்குதான். நான்தான் பாதியில கழுவிட்டேன். என் தப்பு."

மெஹ்னாஸ் தகட்டை வாங்கிக்கொண்டாள். அந்தக் கண்களில் கோபம் வந்ததையும், அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றதையும் குழலி பார்த்தாள். "சிஸ்டர், கொலிஸ்டின். இப்பவே" என்று மட்டும் சொன்னாள். சுவரிலிருந்த கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது. இருபத்திரண்டரை மணி நேரம் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை, மருந்துக்கு அடங்குமா என்று பார்க்கும் தட்டைப் படித்தாள் குழலி. கிருமி பரப்பிய தட்டில், கொலிஸ்டின் தவிர வெவ்வேறு மருந்து தோய்ந்த பத்துக் குட்டி வட்டக் காகிதங்கள். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றி கிருமி இல்லாத தெளிந்த வளையம் தெரிய வேண்டும். பத்தில் ஒன்றைச் சுற்றியும் வளையமில்லை. காகிதத்தை உரசிக்கொண்டு, அதன் மேலேயே ஏறப் பார்ப்பதுபோல் கிருமி வளர்ந்திருந்தது. எல்லா கேட்டும் மூடியிருந்தது. அந்த வெளி வேலியையே கிழிக்கக்கூடியது கொலிஸ்டின் ஒன்றுதான். அது இப்போது வேலப்பனின் ரத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. வேலியையும் கிழித்தது, அவன் சிறுநீரகத்தையும் கிழித்தது.

புதன்கிழமை டயாலிசிஸ் வைத்தார்கள். குழலி அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"யோவ். நான் வந்துகீறேன்யா. ஹாரன் அடி. ஒரே ஒரு தபா அடிய்யா."

அவன் விரல்கள் அசைந்தன. ஒன்று.

இரண்டாவதுக்காக அவள் காத்திருந்தாள். அப்படியே கையைப் பிடித்தபடி, கால் மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். இரண்டாவது வரவே இல்லை.

வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு வேலப்பன் இறந்தான்.

அன்று சாயங்காலமே எடுத்தார்கள். டிரெய்லர் டிரைவர்கள் முப்பது பேர் யூனிஃபார்மோடு வந்து தூக்கினார்கள். வியாசர்பாடியிலிருந்து புத்த பிக்கு ஒருவர் வந்து திரிசரணம் சொன்னார். கணேசபுரம் வழியாக, பேசின் பிரிட்ஜ் தாண்டி, அவள் சொல்ல மறுத்த அந்த நிறுத்தத்தில் கொண்டுபோய் மண்ணில் வைத்தார்கள். தகட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அவள் தாண்டிப் போயிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் அவளும் அந்த மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். நடந்ததை நடந்தபடி குழலி எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் வரவேண்டாம் என்றார்கள். வேலை போகவில்லை, போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. அறையைவிட்டு வெளியே வந்ததும் மெஹ்னாஸ் அவளை நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். முதல் நிமிஷமே அந்த மருந்தப் போட்டிருந்தாலும், இந்த மாதிரி நிலைமையில பாதிப் பேரு பிழைக்கிறதில்ல."

"பாதிப் பேரு பிழைக்கிறாங்கல்ல டாக்டர்?"

மெஹ்னாஸ் வார்டு பக்கம் நடந்தாள்.

அந்தப் பாதியில்தான் குழலியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. இந்தப் பாதியா, அந்தப் பாதியா? எந்த மைக்ராஸ்கோப்பும் அதைச் சொல்லாது. கொன்றேன் என்று தெரிந்தால் தூக்கில் தொங்கலாம். கொல்லவில்லை என்று தெரிந்தால் வாய்விட்டு அழலாம். இரண்டும் இல்லாமல் அவள் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு முத்தம்மா சோறு கொண்டுவந்து வைப்பாள். "இன்னா குழலி, நீ பாக்காத சாவா? எய்ந்து ஒரு வாய் துன்னு" என்பாள். சோறு அப்படியே காயும்.

மூன்றாம் நாள் மகளிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் ஒரே கூரையின்கீழ் மூச்சுவிட முடியவில்லை.

"ரமா, உங்க நைனா தகட நான் சரியா பாக்கலடீ. நாலு ஸ்டாப்புலயே கழுவிட்டேன்."

ரமாபாய் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு இட்லி துன்னோமே" என்றாள். "அப்பவும் அந்தக் கிருமி அவர துன்னுகினு இருந்துச்சா?"

குழலி தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசவில்லை. பதினொரு நாள். சமைத்தாள், தட்டில் போட்டு வைத்தாள், துணி துவைத்தாள். அம்மா என்ற சொல் வீட்டில் இல்லாமல் போயிற்று. கீழே யாராவது இரண்டு தரம் ஹாரன் அடித்தால் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவார்கள். பிறகு அவரவர் மூலையில் குனிந்துகொள்வார்கள். "பேசுடீ, திட்டவாவது செய்டீ" என்று குழலி ஒருநாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ரமாபாய் பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணியை மடித்தாள். அதில் அப்பாவின் காக்கிச் சட்டையும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரி சொன்ன இரண்டு வாரமும் முடிந்து, காலை குழலி வேலைக்குக் கிளம்பினாள். கிளம்ப வேண்டுமே என்று கிளம்பினாள். இனி ஒரு தகட்டைத் தொடத் தனக்கு யோக்கியதை இல்லை, இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று கடிதம்கூடப் பையில் இருந்தது. பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அம்மா!"

ரமாபாய் ஓடிவந்துகொண்டிருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். மூச்சு வாங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளே திணித்தாள். பதினொரு நாள் அழுத கண்.

"அந்த ஸ்டாப்ப வுட்றாதம்மா" என்றாள். "யாருக்கும் வுட்றாத."

பஸ் நகர்ந்தது. மகள் நின்ற இடத்திலேயே சிறுத்துப்போனாள். குழலி டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிக்கொண்டாள். அது மன்னிப்பா, சாபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சூடாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

பேசின் பிரிட்ஜ் தாண்டியது. கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நாலு பேர் இறங்கினார்கள். மயானச் சுவரின்மேல் காகங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் அவன். குழலி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பும்வரை பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்தில் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவிருந்த நேரம், இயந்திரம் கூவியது. பக்தவச்சலம் எழப் போனார். அவள் கையால் தடுத்தாள். பாட்டிலில் சிவந்தி, முப்பத்தொன்று, பெண் என்று எழுதியிருந்தது. யாரோ. யாருடைய மனைவியோ, யாருடைய மகளோ.

வயலட். அயோடின். தகட்டைச் சாய்த்து ஸ்பிரிட் ஊற்றினாள்.

எம்.கே.பி. நகர். அம்பேத்கர் காலேஜ். கணேசபுரம். பேசின் பிரிட்ஜ்.

கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகக்கவசத்துக்குள் போயிற்று. கை குழாய்ப் பக்கம் போகவில்லை.

"மூலக்கொத்தளம்" என்றாள், பக்தவச்சலத்துக்கும் கேட்கும்படி. மின்ட். கல்மண்டபம். ராயபுரம்.

கழுவினாள். இரண்டாவது தகட்டையும் அதேபோல் செய்தாள். இரண்டையும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"பிங்க்கு டாக்டர். ரெண்டு தபா பாத்துட்டேன்."